பழுது பார்ப்பதா, புதிது வாங்குவதா? தீர்மானிப்பவன் யார்?

தாம்பரத்திலிருந்து முடிச்சூர் வரையில், குரோம்பேட்டையிலிருந்து மேடவாக்கம் வரையில், எந்த ஆட்டோ ஸ்டாண்டில் போய் நின்றாலும் காதில் விழுகிற கேள்வி ஒன்றுதான். "இந்தத் தடவை எப்.சி.க்கு வண்டியைத் தேற்றுவதா, தள்ளிவிட்டுப் புதிது எடுப்பதா?"

ஆட்டோத் தோழர்கள் மட்டும் கேட்கும் கேள்வி அல்ல இது. பெருங்களத்தூரில் காய்கறி லோடு அடிக்கும் சிறு வண்டிக்காரர் கேட்கிறார். பல்லாவரத்தில் பள்ளிப் பிள்ளைகளை ஏற்றி இறக்கும் வேன்காரர் கேட்கிறார். பழைய மொபெட்டில் மீன் கூடையைக் கட்டிக்கொண்டு தெருத் தெருவாகப் போகிறவரும் கேட்கிறார்.

பார்வைக்கு இது சொந்த விவகாரம் போலத் தோன்றும். வண்டி அவனுடையது, பணம் அவனுடையது, அவனே முடிவு செய்துகொள்ளட்டும் என்று தோன்றும். நியாயமும் அதுதான். ஆனால் நடப்பது அப்படியா? இல்லை. அந்த முடிவை அவன் கையிலிருந்து பிடுங்கிக்கொள்ளும் காரியம் சில வருஷங்களாகவே நடந்து வருகிறது. பிடுங்குகிறவர்கள் யார், யாருக்காகப் பிடுங்குகிறார்கள் என்பதை நாம் பார்த்தாக வேண்டும்.

வயதுக்கு அபராதம்

2021 ஆகஸ்ட் 13-ஆம் தேதி பிரதமர் மோடி பழைய வாகனக் கழிவுக் கொள்கையைத் துவக்கி வைத்தார். எங்கே? தொழிலாளர் மாநாட்டிலா? மோட்டார்த் தொழிலாளர் கூட்டத்திலா? இல்லை. குஜராத்தில் கூடிய முதலீட்டாளர்கள் மாநாட்டில்! குழந்தை பிறந்த இடத்தைப் பார்த்தாலே அது யார் வீட்டுக் குழந்தை என்று தெரிந்துவிடுகிறதல்லவா?

அடுத்த வருஷம் ஏப்ரல் 1-ஆம் தேதி கட்டணங்கள் உயர்ந்தன. 15 வருஷம் தாண்டிய பஸ், லாரிகளுக்குத் தகுதிச் சான்று புதுப்பிக்கும் கட்டணம் 1,500 ரூபாயிலிருந்து 12,500 ரூபாய் ஆயிற்று. மோட்டார் சைக்கிளின் பதிவைப் புதுப்பிக்க 300 ரூபாய் இருந்தது 1,000 ஆயிற்று. காருக்கு 600 ரூபாய் இருந்தது 5,000 ஆயிற்று. அதோடு நின்றார்களா? 2025 நவம்பரில் இன்னொரு அறிவிப்பு. 15 வருஷத்தில் துவங்கிய உயர்ந்த கட்டணம் 10 வருஷத்திலேயே துவங்கலாயிற்று. 20 வருஷம் தாண்டிய கனரக வண்டிக்கு 25,000 ரூபாய், மூன்று சக்கர வண்டிக்கு 7,000 ரூபாய் என்று நிர்ணயித்தார்கள்.

வண்டியைச் சோதிக்கும் வேலை இரண்டுக்கும் ஒன்றுதான். பிரேக்கைப் பார்க்க வேண்டும், ஸ்டியரிங்கைப் பார்க்க வேண்டும், விளக்கைப் பார்க்க வேண்டும், புகையைப் பார்க்க வேண்டும். பழைய வண்டிக்குப் பார்க்கும்போது மட்டும் இந்த வேலைக்குக் கூலி ஏன் பல மடங்கு ஏற வேண்டும்? ஆகவே இது சோதனைக் கட்டணம் அல்ல. வண்டிக்கு வயதானதற்குப் போடும் அபராதம். வண்டிக்கு ஏன் வயதாயிற்று? புதிது வாங்க அவனிடம் பணம் இல்லாததால் வயதாயிற்று. அப்படியானால் இது ஏழ்மைக்குப் போடும் அபராதம் என்று சொன்னால் என்ன தவறு?

இன்னொரு பக்கத்தையும் பாருங்கள். சென்னை ஆட்டோ மீட்டர் கட்டணத்தைச் சர்க்கார் 2013 ஆகஸ்டில் நிர்ணயித்தது. முதல் 1.8 கிலோமீட்டருக்கு 25 ரூபாய், அதற்கு மேல் கிலோமீட்டருக்கு 12 ரூபாய். பெட்ரோல் ஏறிற்று, காஸ் ஏறிற்று, டயர் ஏறிற்று, இன்சூரன்ஸ் ஏறிற்று. பதினோரு வருஷம் கழித்து, 2025 பிப்ரவரியில் சங்கங்கள் பொறுமையிழந்து தாங்களே ஒரு கட்டணத்தை அறிவித்தபோதும், சர்க்கார் ஏட்டில் இருந்தது அதே 25 ரூபாய்தான். ஓட்டுகிறவன் வாங்கும் கூலிக்கு 2013-ஆம் வருஷத்து விலை. அவன் கட்டும் கட்டணத்துக்கு 2025-ஆம் வருஷத்து விலை! இதற்கு என்ன பெயர் வைப்பது?

"உடைக்கச் சொல்லவில்லையே!"

கொள்கையை ஆதரிப்பவர்கள் ஒரு பதிலைத் தயாராக வைத்திருக்கிறார்கள். "வயதாகிவிட்டது என்பதற்காக ஆட்டோவை உடைக்கும்படி யாரும் உத்தரவு போடவில்லை, சோதனையில் தேறினால் ஓட்டலாம், தேறாவிட்டால்தான் கழிவுக்குப் போகும்" என்கிறார்கள்.

ஏட்டில் இருப்பது அதுதான். ஆனால் சோதனையின் வாசலில் ஒரு உண்டியலை வைத்து, வருஷம் ஏற ஏற உண்டியலின் வாயைப் பெரிதாக்கிக்கொண்டே போனால், உள்ளே போய்ச் சோதனை எழுதுகிறவன் யார்? அந்தப் பணத்தில் எஞ்சினுக்கு ரிங் மாற்றியிருப்பான். பிரேக் ஷூ மாற்றியிருப்பான். நல்ல டயர் போட்டிருப்பான். வண்டியைச் சரிசெய்ய வைத்திருந்த பணத்தைக் கட்டணமாகக் கறந்துவிட்டு, "வண்டி சரியில்லை" என்று குற்றம் சாட்டுகிறார்கள். ரோட்டில் பாதுகாப்பு வேண்டும் என்பவர்கள் செய்கிற காரியமா இது?

யாருடைய லாபத்துக்காக?

நாம் ஊகித்துச் சொல்லவில்லை. மத்திய மந்திரி கட்கரியே சொல்லியிருக்கிறார். இந்தக் கொள்கையால் மோட்டார்த் தொழிலின் வியாபாரம் நாலரை லட்சம் கோடி ரூபாயிலிருந்து 10 லட்சம் கோடியாக வளரும் என்று 2021-இல் சொன்னார். தகுதியற்ற 97 லட்சம் வண்டிகளைக் கழித்தால் ஜி.எஸ்.டி. வரியாக 40,000 கோடி ரூபாய் கிடைக்கும் என்று 2025 செப்டம்பரில் சொன்னார். கம்பெனிக்கு விற்பனை, சர்க்காருக்கு வரி. இரண்டுக்கும் கணக்கு இருக்கிறது. அந்தப் பத்து லட்சம் கோடியும் நாற்பதாயிரம் கோடியும் யாருடைய பையிலிருந்து வரும்? அதை மட்டும் சொல்லவில்லை.

கொடுக்கிற சலுகை என்ன? பழைய வண்டியைக் கழிவு நிலையத்தில் கொடுத்தால், புது வண்டியின் விலையில் 4 முதல் 6 சதவிகிதம் பழைய இரும்பின் மதிப்பாகக் கிடைக்கும் என்றார்கள். வாடகை வண்டிக்குச் சாலை வரியில் 15 சதவிகிதம் வரையில் தள்ளுபடி. சொந்த உபயோக வண்டிக்கோ 25 சதவிகிதம் வரையில்! உல்லாசமாகப் போகிறவனுக்கு அதிகத் தள்ளுபடி, உழைத்துப் பிழைக்கிறவனுக்குக் குறைந்த தள்ளுபடி.

வெளிநாட்டில் இதே காரியத்தை முதலாளித்துவ சர்க்கார்கள் எப்படிச் செய்தன? 2009-இல் ஜெர்மனியில், ஒன்பது வருஷம் தாண்டிய காரைக் கழித்துப் புதிது வாங்கியவருக்குச் சர்க்கார் 2,500 யூரோ கொடுத்தது. அதே வருஷம் அமெரிக்காவில் 4,500 டாலர் வரையில் கொடுத்தார்கள். கிட்டத்தட்ட 6,80,000 வண்டிகள் கழிந்தன. அந்தத் திட்டங்களும் நெருக்கடியில் விழுந்த கார்க் கம்பெனிகளைத் தூக்கி நிறுத்த வந்தவைதான். ஓடிக்கொண்டிருந்த எஞ்சின்களை ரசாயனம் ஊற்றி நாசம் செய்த கூத்தும் அங்கே நடந்தது. ஆயினும் அங்கே வண்டிக்காரன் கையில் பணம் கொடுத்து வண்டியை வாங்கினார்கள். இங்கே அவன் கையிலிருந்து பணத்தைப் பிடுங்கி வண்டியைத் தள்ளச் சொல்கிறார்கள்!

கணக்குப் போட்டுப் பார்ப்போம்

உதாரணத்துக்கு ஒரு கணக்கு. புது ஆட்டோ 3 லட்சம் ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். பழைய இரும்பாக 15,000 வருகிறது. வீட்டு நகையை வைத்து 50,000 புரட்டுகிறார். மிச்சம் 2,35,000 கடன். பைனான்சில் 12 சதவிகிதம், மூன்று வருஷம் என்கிறார்கள். முதல் குறையக் குறைய வட்டி குறையாமல், முழுத் தொகைக்கும் மூன்று வருஷமும் வட்டி போடுகிற கணக்கு அது. வட்டி மட்டும் 84,600. மாதத் தவணை 8,878 ரூபாய். குறைகிற முதலுக்குக் கணக்கிட்டால் அந்த 12 சதவிகிதம் உண்மையில் 21 சதவிகிதத்துக்கு மேல்! மாதம் 26 நாள் ஓட்டினால், தினம் 341 ரூபாயை எடுத்து வைத்த பிறகுதான் அரிசிக்கும் பருப்புக்கும் கணக்கு.

பழைய வண்டியைத் தேற்றினால்? எஞ்சின் வேலைக்கு 40,000 ஆகிறது, அதனால் மூன்று வருஷம் ஓடுகிறது என்று வைத்தால் மாதத்துக்கு 1,111 ரூபாய். பழைய வண்டி எரிபொருள் அதிகம் குடிக்கும். தினம் நூறு ரூபாய் என்று தாராளமாகவே வைத்தால் மாதம் 2,600. மாதத்தில் இரண்டு நாள் ஷெட்டில் நின்று, நாளுக்கு 800 ரூபாய் வருமானம் போனால் 1,600. எல்லாம் சேர்த்து 5,311. அப்போதும் தவணையைவிட 3,500 ரூபாய்க்கு மேல் குறைவு.

மூன்று வருஷம் கழித்துப் புது வண்டி சொந்தமாக நிற்குமே என்று கேட்கலாம். நிற்கும், தவணை தவறாமல் கட்டினால். காய்ச்சலில் ஒரு மாதம் படுத்துவிட்டால், மழையில் வாரக்கணக்கில் ஓட்டம் இல்லாவிட்டால், பைனான்ஸ்காரன் ஆள் வந்து நடுரோட்டில் சாவியைப் பிடுங்கிக்கொண்டு போவதை நம்முடைய ஸ்டாண்டுகளில் பார்க்காதவர்கள் யார்? பழைய வண்டி ஓட்டுகிறவன் தன் வண்டிக்கு எஜமான். தவணை வண்டி ஓட்டுகிறவன் பைனான்ஸ்காரனுக்குக் கூலியாள்.

எந்த வண்டியையும் என்றைக்கும் விடாதே என்று நாம் சொல்லவில்லை. சேசிஸ் துருப்பிடித்து அரித்துவிட்டது, ஒரு ரிப்பேர் முடிவதற்குள் அடுத்தது வருகிறது, மாதத்தில் எட்டு நாள் ஷெட்டிலேயே கிடக்கிறது என்றால் மேலே போட்ட கணக்குத் தலைகீழாகிவிடும். அப்போது அதை விட்டுவிடுவதே புத்திசாலித்தனம். பிரேக் நிற்காத வண்டியில் பிள்ளைகளை ஏற்றுவது பாவம். ஆனால் அதை நம்முடைய மெக்கானிக்கின் கையும் நேர்மையான சோதனையும் சொல்லட்டும். காலண்டர் சொல்ல வேண்டாம்.

கம்பெனிகள் தங்கள் பணம் என்று வரும்போது எப்படி முடிவு செய்கின்றன? 2015 டிசம்பரில் அடையாறு கரை புரண்டு முடிச்சூரும் வரதராஜபுரமும் மூழ்கின. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலில் பள்ளிக்கரணையும் பெரும்பாக்கமும் தண்ணீரில் நின்றன. மூழ்கிய வண்டிக்கு முழு நஷ்ட ஈடு கேட்டுப் போனால் இன்சூரன்ஸ் விதி என்ன சொல்கிறது? பாலிசியில் குறித்த மதிப்பில் 75 சதவிகிதத்தை ரிப்பேர் செலவு தாண்டினால்தான் முழு நஷ்டம். தாண்டாவிட்டால் பழுது பார்த்து ஓட்டு! ஆக, முதலாளிக்குக் கைப்பணம் போகும்போது செலவுக் கணக்கு. தொழிலாளிக்குக் கைப்பணம் போகும்போது காலண்டர் கணக்கு.

புகை யார் தலையில்?

நம்முடைய பிள்ளைகளின் நெஞ்சில்தான் ஜி.எஸ்.டி. ரோட்டுப் புகை படிகிறது. ஆகவே புகையைப் பற்றி நமக்குக் கவலை இல்லை என்று யாரும் சொல்ல வேண்டாம். 2020 ஏப்ரலில் வந்த பாரத் நிலை ஆறு எஞ்சின் பழைய எஞ்சினைவிடச் சுத்தமானது. அதை மறுக்கவில்லை. ஆனால் நாள் முழுவதும் பத்துப் பதினைந்து சவாரி ஏற்றும் பழைய ஆட்டோவுக்கு அபராதம். ஒரே ஆள் உட்கார்ந்து போகும் புத்தம் புதிய பெரிய கார்கள் ரோட்டை அடைத்துக்கொண்டு எத்தனை வந்தாலும் வரவேற்பு என்றால், அந்தக் கொள்கையின் கண் புகையின் மேல் இல்லை. விற்பனையின் மேல் இருக்கிறது.

புதிது வாங்கு என்கிற கம்பெனிகள் நம்மோடு கடைசி வரையில் நிற்கின்றனவா? வண்டலூர்ப் பக்கம் ஸ்டாண்டர்டு மோட்டார் தொழிற்சாலை இருந்தது, ஹெரால்டு கார் செய்தது, மூடிவிட்டார்கள். மறைமலைநகரில் போர்டு கம்பெனி வந்தது. 2021 செப்டம்பரில் இந்தியாவில் கார் உற்பத்தியை நிறுத்துவதாக அறிவித்தது. 2022 ஜூலையில் இங்கே கடைசிக் கார் வெளிவந்தது. ஆயிரக்கணக்கான தொழிலாளிகளின் வேலை போயிற்று. கம்பெனி போன பின்னும் அந்தக் கார்கள் ஓடுகின்றன என்றால், ஸ்பேனர் பிடிக்கும் பட்டறைத் தொழிலாளியும் புதுப்பேட்டையில் உதிரி சாமான் விற்கும் சிறு வியாபாரியும் அதற்குத் துணை நிற்கிறார்கள். 1960-களின் அமெரிக்க வர்த்தகத் தடைக்குப் பிறகு, கியூபா மக்கள் 1950-களின் அமெரிக்கக் கார்களை இந்த நூற்றாண்டிலும் டாக்சியாக ஓட்டினார்கள். பெருமைக்காக அல்ல, நிர்ப்பந்தத்தால்தான். ஆனாலும் உழைப்பாளியின் கைத்திறமை எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு அதைவிடச் சாட்சி வேண்டாம்.

சர்க்கார் பஸ்ஸின் கதை

ஏழையைப் புதிது வாங்கு என்று விரட்டும் சர்க்கார்கள், தாங்கள் வாங்க வேண்டிய இடத்தில் என்ன செய்கின்றன? தாம்பரத்துக்காரர்களுக்கு இது சொல்லித் தெரிய வேண்டியதில்லை. தினம் பஸ்ஸில் நிற்கிறார்கள்.

சர்க்கார் வண்டிகள் 15 வருஷம் தாண்டினால் 2023 ஏப்ரல் 1 முதல் ஓடக்கூடாது என்று மத்திய சர்க்கார் விதி செய்தது. போக்குவரத்துக் கழகப் பஸ்களும் அதில் அடக்கம். உத்தரவு டில்லியிலிருந்து வந்தது; பஸ் வாங்கும் சுமை கழகங்களின் தலையில் விழுந்தது. 2023-24 மாநில பட்ஜெட்டில் 1,000 புதுப் பஸ் வாங்கவும், 500 பழைய பஸ்ஸைப் புதுப்பிக்கவும் 500 கோடி ரூபாய் ஒதுக்கப்பட்டது. கவனியுங்கள்: பழைய பஸ்ஸைப் புதுப்பிப்பது! பழையது அடியோடு கெடவில்லை, தேற்றலாம் என்று சர்க்காரே ஒப்புக்கொள்கிறது. சர்க்கார் செய்தால் அது சிக்கனம். ஆட்டோக்காரன் செய்தால் மட்டும் குற்றமா?

ஆனால் தேற்றுவதற்குக் கை வேண்டாமா? 2024 பிப்ரவரியில் சென்னை மாநகரப் பஸ்ஸில் தளப் பலகை உடைந்து ஒரு பெண் பிரயாணி ஓட்டை வழியே விழுந்தார். அதே வருஷம் ஏப்ரலில் திருச்சியில் ஓடும் பஸ்ஸிலிருந்து இருக்கையோடு கண்டக்டர் வெளியே விழுந்தார். உடனே 48 மணி நேரத்தில் எல்லாப் பஸ்ஸையும் சோதிக்க உத்தரவு பறந்தது. பலகையும் போல்ட்டும் ஒரே ராத்திரியிலா உளுத்துப் போகும்? பணிமனையில் ஆள் இருந்தால் முந்தின நாளே முறுக்கியிருப்பார்கள். காலி இடங்களை நிரப்பு என்ற கோரிக்கையையும் வைத்துத்தான் 2024 ஜனவரியில் போக்குவரத்துத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். அப்போது "மக்களுக்கு இடையூறு" என்று கூச்சல் போட்டவர்கள், அடுத்த மாதமே தளப் பலகை உடைந்தபோது எங்கே போனார்கள்?

2025 ஆகஸ்டில் பெரும்பாக்கம் பணிமனையிலிருந்து மின்சாரப் பஸ்கள் புறப்பட்டன. புகை இல்லாத பஸ், நல்லது, வரவேற்கிறோம். ஆனால் பஸ் யாருடையது? தனியார் கம்பெனியுடையது. டிரைவர்? கம்பெனியின் ஆள். பராமரிப்பு? கம்பெனி. கழகத்தின் கண்டக்டர் டிக்கெட் கிழிப்பார். கிலோமீட்டருக்கு இவ்வளவு என்று கழகம் கம்பெனிக்குப் பணம் அளக்கும். ஒப்பந்தம் முடிகிற நாளில் கழகத்தின் கையில் பஸ்ஸும் இருக்காது, அந்தப் பஸ்ஸைப் பழுது பார்க்கத் தெரிந்த தொழிலாளியும் இருக்கமாட்டான். பழுது பார்ப்பதா, புதிது வாங்குவதா என்ற கேள்வியையே கம்பெனி வாசலில் போய்க் கேட்க வேண்டியிருக்கும். மக்கள் பணத்தில் புதிது வருகிறதென்றால் அது மக்கள் சொத்தாக வரட்டும்!

நாம் கேட்பது என்ன?

ஆட்டோக்காரரின் கதையும் அரசுப் பஸ்ஸின் கதையும் வேறு வேறு அல்ல. வாங்க வசதி இல்லாதவனை வாங்கச் சொல்கிறார்கள். வாங்க வேண்டிய கடமை உள்ளவர்கள் தனியாரிடம் வாடகைக்கு எடுக்கிறார்கள். இரண்டு வழியிலும் பணம் போய்ச் சேரும் இடம் ஒன்றுதான்.

ஆகவே நம்முடைய கோரிக்கைகள் தெளிவானவை. வயதை வைத்துக் கட்டணத்தை உயர்த்தும் அறிவிப்புகளை வாபஸ் வாங்க வேண்டும். எல்லா வண்டிக்கும் ஒரே நியாயமான கட்டணத்தில் சர்க்காரே சோதனை நடத்த வேண்டும். தேறாத வண்டிக்கு என்ன குறை என்று எழுதிக்கொடுத்து, சரிசெய்ய அவகாசம் தர வேண்டும். உண்மையிலேயே கழிக்க வேண்டிய வண்டிக்கு, அதைக்கொண்டு பிழைக்கும் தொழிலாளிக்கு ரொக்க மானியமும், சர்க்கார் பாங்கில் குறைந்த வட்டிக் கடனும் கொடுக்க வேண்டும். வண்டி விற்கும் கம்பெனி உதிரி பாகங்களையும் பழுது பார்க்கும் விவரங்களையும் சிறு பட்டறைகளுக்கும் கிடைக்கச் செய்ய வேண்டும். 2022 டிசம்பரில் பழுது பார்க்கும் உரிமைக்கென்று மத்திய சர்க்கார் இணையதளம் திறந்தது, அது போதாது, சட்டம் வேண்டும். மீட்டர் கட்டணத்தை விலைவாசிக்குத் தக்கபடி வருஷந்தோறும் திருத்த வேண்டும். போக்குவரத்துக் கழகப் பணிமனைகளின் காலி இடங்களை நிரப்பி, புதுப் பஸ்களைக் கழகத்தின் சொந்தப் பஸ்களாக வாங்க வேண்டும்.

தோழர்களே! ஸ்டாண்டில் தனியாக உட்கார்ந்து கணக்குப் போட்டால் ஒவ்வொருவருக்கும் நஷ்டம்தான் விடையாக வரும். ஆட்டோத் தொழிலாளியும் வேன்காரரும் பட்டறைத் தொழிலாளியும் பஸ் தொழிலாளியும் பஸ்ஸில் நிற்கும் பிரயாணியும் ஒன்றாக உட்கார்ந்து கணக்குப் போட்டால், யாரிடமிருந்து யார் எடுக்கிறார்கள் என்பது பளிச்சென்று தெரியும். சங்கத்தில் சேராதவர்கள் சேருங்கள். உங்கள் வட்டாரப் போக்குவரத்து அலுவலக வாசலில் இந்தக் கோரிக்கைகள் ஒரே குரலாக ஒலிக்கட்டும். வண்டியை ஓட்டுகிறவனே வண்டியின் ஆயுளைத் தீர்மானிக்கட்டும்!